எந்த விரல்?

அப்பா முதுகு பிடித்து வீட்டில் படுத்துக் கிடந்த அந்த வாரம் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஆனால் பத்து வயதில் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு விடுமுறை. விடியுமுன் கடலுக்குப் போய், வந்ததும் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிற மனிதர் பகல் முழுக்க விழித்தபடி என் கண்முன்னால் கிடந்தார். கூப்பிட்டால் பதில் சொன்னார். நான் ஒரே பிள்ளை. எனக்கு வேறு என்ன வேண்டும்?

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய அன்று அது நடந்தது. கரையில் எல்லாரும் ஃபைபர் படகுகளை மணல்மேட்டுக்கு இழுத்துப்போட்டு எஞ்சின்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் எஞ்சினை அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஈர மணலில் மாமாவின் கால் புதைந்து பிடி நழுவிவிட்டது. பாரம் முழுக்க அப்பா பக்கம் சாய்ந்தது. அவர் எஞ்சினை விடவில்லை. குனிந்த வாக்கில் இடுப்பைத் திருகி, அதை வாங்கி, மணலில் இறக்கிவைத்தார். அப்புறம் அவரால் நிமிர முடியவில்லை. மாமா வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல" என்பதுதான்.

முதுகுவலி அப்பாவுக்குப் புதிதல்ல. வந்து தங்கிவிட்ட சொந்தக்காரரைப்போல அது எங்கள் வீட்டில் பல வருடமாக இருந்தது. ஆனால் இந்தத் தடவை வலி இடுப்போடு நிற்கவில்லை. தொடையின் பின்பக்கமாக இறங்கி இடது கால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிப்பதுபோல் ஓடுகிறது என்றார். இருமல் வந்தால் அலறினார். அம்மா குசினி அடுப்பில் மணலை வறுத்து, துணியில் முடிந்து கொண்டுவந்து ஒத்தடம் கொடுத்தாள். மருந்துக்கடையில் சொல்லிக் கேட்டு மாத்திரையும் களிம்பும் வாங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று தினமும் இரண்டு தடவை சொன்னாள். "போனா முதுகைக் கிழிச்சிருவான். கிழிச்சுக்கிட்டவன்ல எவன் திரும்பக் கடலுக்குப் போயிருக்கான், சொல்லு பாப்போம்" என்று அப்பாவும் தினமும் இரண்டு தடவை சொன்னார்.

ஆறாம் நாள் மாமா மாப்பிள்ளையூரணிப் பக்கத்திலிருந்து, எலும்பை உருவிச் சரிசெய்கிற ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் முதுகெலும்பு நெடுக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க்கு விலகிருக்கு. உள்ள தள்ளிட்டா எந்திரிச்சு ஓடிருவாவ" என்றார். மாமா தோளைப் பிடித்துக்கொள்ள, அவர் இரண்டு கால்களையும் சேர்த்துச் சுண்டி இழுத்தார். பிறகு அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை இடுப்பில் வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார். அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா மெதுவாக, "கால்ல வலி இல்ல" என்றார். இருமிப் பார்த்தார். வலி இல்லை. அம்மா அழுதுகொண்டே காப்பி போட்டாள். வந்தவர் இரண்டு டம்ளர் குடித்தார். ஆறு நாளாக ஆட்டிவைத்த வலி திடீரென்று எங்கே போனது என்று அந்த வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அம்மா இறால் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். மாமா கரைக்குப் போயிருந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, இங்கன வா. ஒரு வெளாட்டு வெளாடுவோம். நான் கண்ணை மூடிக்கிடுதேன். நீ என் கால் வெரலைக் கிள்ளு. எந்த வெரல்னு நான் சொல்லுதேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது காலின் பெருவிரலைக் கிள்ளினேன்.

"சுண்டுவெரல்" என்றார்.

"இல்லப்பா!" என்று சிரித்தேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. என்னோடு எந்த விளையாட்டிலும் தோற்றால் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை. "திரும்பக் கிள்ளு" என்றார். நடுவிரலைக் கிள்ளினேன். நகம் பதியும்படிக் கிள்ளினேன். "பெருவெரல்" என்றார்.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "கரெக்டுப்பா" என்றேன்.

அப்புறம் அவர் எந்த விரலைச் சொன்னாலும் கரெக்ட் என்றுதான் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு தடவை கிள்ளியிருப்பேன். ஒன்றும் பொருந்தவில்லை. பாதத்தில் என் நகத்தடங்கள் சிவப்பாக எழும்பி நின்றன. கடைசியில் அப்பா கண்ணைத் திறந்து, "பாத்தியா, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல" என்று என் தலையைத் தடவினார்.

அன்று அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை கக்கூஸுக்குப் போனார். இடது கால் தரையில் தேய்ந்தது. செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. உள்ளே வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, அடிவயிற்றைத் தடவியபடி படுப்பார். சாயங்காலம் பாய் நனைந்திருந்தது. "செம்பு கவுந்துட்டு. அம்மாகிட்ட சொல்லாத, ஏசுவா" என்றார். தண்ணீர்ச் செம்பு நிறைய நீரோடு ஜன்னலில் இருந்தது. நான் பாயைத் துடைத்தேன். அம்மா வந்து கேட்டபோது அப்பா நன்றாக இருப்பதாகச் சொன்னேன். எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் ஒரு ரகசியம் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

விடிந்ததும் அம்மாவே கண்டுபிடித்துவிட்டாள். பாய் திரும்பவும் ஈரம். அவர் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. அப்பாவின் பேச்சை அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மாமாவை ஆட்டோ பிடிக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். பிறகு ஸ்கேன். ஒரு பெண் டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அம்மாவுக்கு விளக்கினார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கிறது. தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால்போல் கொத்தாகத் தொங்கும். காலுக்கும் மூத்திரப்பைக்கும் போவது அந்த நரம்புகள்தான். அப்பாவுக்கு ஜவ்வு பிதுங்கி வெடித்து அந்தக் கொத்தை நசுக்கிவிட்டது. வலி போனது குணமாகி அல்ல, நரம்பு செத்துக்கொண்டிருந்ததால்.

"கால் மரத்துப்போனது எப்ப இருந்து?" என்று டாக்டர் கேட்டார்.

"இன்னைக்குக் காலையில இருந்துதாம்மா" என்றார் அப்பா. "நேத்து பிள்ள கிள்ளிப் பாத்தா. எல்லா வெரலையும் சரியாச் சொன்னேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? சரியாச் சொன்னாங்களா?"

அம்மாவும் என்னைப் பார்த்தாள். அப்பா மட்டும் பார்க்கவில்லை. அவர் கண் சுவரில் இருந்தது.

"ஆமா" என்றேன்.

அன்றே அறுவை சிகிச்சை செய்தார்கள். வலி திரும்ப வரவே இல்லை. உணர்ச்சியும் வரவில்லை. இடது பாதம் கணுக்காலிலிருந்து தொங்கிவிட்டது. நாளுக்கு நான்கு தடவை அவரே குழாய் விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும். கடலுக்குப் போவது அதோடு நின்றது. துணியில் வாடை அடிக்கும் என்று மாதா கோவிலுக்குப் போவதையும் நிறுத்தினார். கரையிலிருந்து ஆட்கள் முதலில் தினம் வந்தார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தார்கள், பிறகு வரவில்லை. அம்மா கம்பெனியில் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் கொஞ்சமாவது தேறியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு மாதமும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சீனி திருடியதைச் சொன்னேன், பொய்யாகத் தலைவலி என்றதைச் சொன்னேன். அதை மட்டும் சொல்லவில்லை.

கல்லூரி முடித்து வேலைக்குக் கிளம்புகிற வாரத்தில்தான் அப்பாவிடம் வாய் திறந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, செயலிழந்த பாதத்தைக் கையால் தூக்கிச் செருப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அன்னைக்கு நீங்க சொன்ன வெரல் ஒண்ணுகூட சரியில்ல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்ளா" என்றார். "நீ கிள்ளுனதே தெரியல. வாயில வந்ததைச் சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டீய?"

அவர் செருப்பு வாரை இழுத்து மாட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போக பயமா இருந்துச்சு. உங்க அம்மாகிட்ட கேட்டா உள்ளதைச் சொல்லிருப்பா."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலுக்குப் போகிற மனிதருக்கும் பயம் வரும் என்பதோ, அந்தப் பயம் துணைக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிடும் என்பதோ பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.