மயக்க மருந்தில் என் குழந்தையை மறந்தபோது

கண் திறந்தபோது வெள்ளைக் கூரையும் அதன் அடியில் அசையும் முகங்களும் தெரிந்தன. ஒருவர் ஒரு குழந்தையை என் மார்பருகே நீட்டினார்.

"இது ஆற்றை (யாருடைய) பிள்ளை?" என்று கேட்டேன்.

"என்னப்பா கதைக்கிறீர்? எங்கடை பிள்ளையெல்லே."

பேசியவர் என் கணவர் என்பதும் எனக்குத் தெரியவில்லை. குழந்தையைத் தள்ளினேன். பால் கட்டி மார்பு வலித்தது. அது யாருடைய வலி என்று புரியவில்லை.

அன்று காலை எங்கள் ஊரான நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்கு மேலே பொம்பர் (குண்டு வீசும் விமானம்) வந்தது. கணவர் நாலு மாதக் குழந்தையுடன் முன்னே ஓடினார். பின்னால் ஓடிய நான் பதுங்குகுழிக்குள் விழுந்ததில் கீழ்க்கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மற்ற மயக்க மருந்துகள் முடிந்திருந்தன. கெட்டமின் (மூச்சை நிறுத்தாமல் உணர்வைத் துண்டிக்கும் மருந்து) ஊசி போட்டார்கள்.

அந்த மயக்கத்தில் நான் கூரையருகே மிதந்தேன். கீழே ஒருத்தியின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். செத்துவிட்டேன் என்று மிகத் தெளிவாக நினைத்தேன். பயப்படவில்லை. பயம் பிறகுதான் வந்தது.

பொழுது சாயுமுன் முகங்களும் பெயர்களும் திரும்பின. பிள்ளையைத் தள்ளியதும் நினைவுக்கு வந்தது. பெற்ற பிள்ளையையே ஒரு ஊசி மனதிலிருந்து அழித்துவிடும் என்றால், நான் என்று எதைச் சொல்வது? அவன் அழுதபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் தாய்தான் அவனுக்குப் பால் கொடுத்தாள்.

மறுநாள், மயக்க மருந்து கொடுத்த பெண் மருத்துவர் வந்தார்.

"டொக்டர், எனக்கு விசரே (பைத்தியமா)?" என்று மெல்லக் கேட்டேன்.

"இல்லையம்மா. மருந்து உங்கடை மூளையிலை ஒரு கதவைப் பூட்டினது. அவ்வளவுதான்."

அவர் விளக்கியது இது. மூளை நரம்புகள் ஒன்றையொன்று தூண்டுவதற்குக் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை விடுகின்றன. அதைப் பெறும் ஏற்பிகள் (நரம்பின் மேலுள்ள புரதங்கள்) பல வகை. ஆம்பா ஏற்பி உடனே திறந்து செய்தியைக் கடத்தும். கைனேட் ஏற்பி செய்தியின் வலுவைக் கூட்டும், குறைக்கும். இன்னொரு வகை திறப்பதே இல்லை. நரம்புக் கலத்தின் (செல்லின்) உள்ளே மெதுவான மாற்றங்களைத் தொடக்கிவைக்கும். நான்காவது வகையான என்.எம்.டி.ஏ. ஏற்பியின் வாயை மக்னீசியம் அடைத்திருக்கும். நரம்பு ஏற்கெனவே தூண்டப்பட்டிருந்தால்தான் அது விலகும். நினைவு பதிவதற்கும் தெரிந்ததை அடையாளம் காண்பதற்கும் அந்த வழி வேண்டும். கெட்டமின் போய் அடைப்பது அதைத்தான்.

"மருந்தின் வேகம் இறங்கினால் கதவு திறந்திடும். ஆனால் புண்ணைத் திரும்பவும் கழுவவேணும். வேறை மருந்து இல்லை."

"திரும்பவும் மறந்து போவனே?"

"ஓம், கொஞ்ச நேரத்துக்கு மறக்கலாம். முதலே வலியம் (பதற்றம் தணிக்கும் மருந்து) தாறன். பயம் குறையும்."

கணவரைப் பார்த்தேன். "பிள்ளையைத் தாங்கோ" என்றேன்.

இரண்டாம் முறையும் விழித்தபோது அவனை எனக்குத் தெரியவில்லை. ஆனால் தள்ளவில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் என் பிள்ளையானான்.

இப்படி விழிப்பவரின் அருகில் இருப்பவர்களே, அவரோடு வாதாடாதீர்கள். பக்கத்தில் இருங்கள், போதும்.

எலும்பு பொருந்தியபோது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. நடக்கிறேன். பாதம் தரையில் படுவதற்கும், பட்டது என்று நான் அறிவதற்கும் நடுவே ஒரு சிறு நேரம் இருக்கிறது. முன்பு அது எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வோர் அடியிலும் அதைக் கடந்துதான் என் உடம்புக்குள் வருகிறேன்.