கோலை விட்டு ஓடியவள்

எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் பெண்கள் கால்பந்து அணி ஒன்றை வாங்கினார். தென் மாவட்டங்களுக்குள் நடக்கிற, ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் தருகிற லீக் அது. நான் ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவள், இப்போது பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அதனால் ஆள் எடுக்க ஆலோசனை சொல்லக் கூப்பிட்டார். ஆலோசனைக்கு என்ன பஞ்சம்? வாய் எனக்கு நிறையவே உண்டு.

கோச் சென்னையிலிருந்து வந்தார். அவரைக் குறை சொல்லியே தீருவேன் என்று நான் ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. லீக்கில் ஏலம் கிடையாது. சீட்டுக் குலுக்கி, வரிசைப்படி ஒவ்வொரு அணியும் ஒவ்வொருத்தியாக எடுக்க வேண்டும். முன்வரிசைக்கு அவர் எடுத்த இரண்டு பெண்களும் அருமையான தேர்வு. நடுவில் ஆட எடுத்த திண்டுக்கல்காரி, பந்து காலுக்கு வரும்போதே அடுத்து யாருக்குத் தட்டுவது என்று முடிவு செய்திருப்பாள். பின்வரிசைதான் சொதப்பல். நெட்டையாக இருந்தால் போதும் என்று எடுத்துவிட்டார். அவர்கள் ஒரு முறை திரும்புவதற்குள் எதிராளி டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பின்வரிசை இந்த லட்சணத்தில் இருந்தால் கோல்கீப்பராவது கெட்டிக்காரியாக இருக்க வேண்டாமா?

அப்படி ஒருத்தி இருந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம். முதலாளியின் கம்பெனியிலேயே பட்டாசுக்குள் வெடிமருந்து அடைக்கிற வேலை. வேலை முடிந்ததும் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவாள். ஆள் குள்ளம்தான்; ஆனால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று நாம் யோசிப்பதற்குள் அவள் பாய்ந்திருப்பாள். லீக்கில் எடுத்துவிட்டால் அந்த மருந்து ரூமுக்குள் அவள் மறுபடியும் போக வேண்டாம். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கோல்கீப்பரைக் கடைசி முறைக்கு வைத்திருந்தோம். அதற்கு முன்பு ஆமத்தூர்ப் பக்கத்து மைதானத்தில் கோச் ஒரு தேர்வு ஆட்டம் வைத்தார். பாதி ஆட்டத்தில், தூரத்தில் எங்கேயோ 'டமார்' என்று கேட்டது. அவள் கோலை விட்டுவிட்டு வெட்டவெளியைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடினாள். பந்து ஆளில்லாத கோலுக்குள் உருண்டு போனது. வடக்கேயிருந்து வந்த வியாபாரி யாரோ ஆர்டர் கொடுக்கும் முன் சாம்பிள் வெடித்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அவள் திரும்பி வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வெடிச் சத்தத்துக்கே ஓடுற பொண்ணு எனக்கு எதுக்கு? தைரியம் இல்ல. வேண்டாம்," என்றார் கோச்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சார், வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே அங்கன சொல்லித் தர்ற பாடம் அது. சத்தம் கேட்டா கையில இருக்கறதப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வெளிய ஓடணும். ஓடுனவதான் உசிரோட இருக்கா. எம்புட்டு வேகமா கெளம்புனா, அதப் பாத்தீகளா நீங்க?"

"மேட்ச்லயும் ஓடினா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைப் பழக்கிச் சரிசெய்யத்தானே கோச் என்று ஒருவரை வைத்திருக்கிறோம்? எதனால் ஓடினாள் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாதவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் இந்த ஊர் அணிக்குப் பொருந்த மாட்டார். எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

ஆட்டம் பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி பக்கம் திரும்பினேன். "அண்ணாச்சி, அவ ஏன் ஓடுனான்னு நீங்களே சொல்லுங்க."

அண்ணாச்சி செல்போனைப் பார்த்தார். வாயைத் திறந்தால், இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டிவரும். எந்த முதலாளி சொல்வார்? "கோச் சொல்றபடியே போகட்டும் டீச்சர்," என்றார்.

"அப்ப எனக்கு இங்கன வேலையில்ல அண்ணாச்சி," என்று சொல்லி, கம்பெனி பேர் போட்ட தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வந்ததும் பக்கத்து மாவட்டத்து அணிக்கு நானே போன் போட்டேன். அவர்கள் அவளைக் கூப்பிட்டு ஆட வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குத் துரோகம் பண்ணிவிட்டேன் என்று டீக்கடையில் பேச்சு. பேசட்டுமே! பிள்ளையை வேண்டாம் என்று தள்ளிவிட்டது ஊரா, நானா?

இரண்டு அணியும் மோதிய அன்று நான் அவள் கோலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தேன். நம் முன்வரிசைப் பெண்கள் இருவரும் மாறி மாறி அடித்தார்கள். ஒன்று உள்ளே போயிற்று. மற்றதையெல்லாம் அவள் பிடித்துவிட்டாள். நம் நெட்டைப் பின்வரிசை இரண்டு கோல் வாங்கித் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் அண்ணாச்சி என்னிடம் வந்தார். "அடுத்த சீசனுக்கு நம்ம அணிக்கு வருவாளான்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர்."

போய்க் கேட்டேன். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அன்னைக்கு எனக்காக ஒரு வார்த்தை சொல்லாத ஆளுக்கு நான் எதுக்கு டீச்சர் பந்து பிடிக்கணும்?" என்றாள்.

அதை அப்படியே அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். கோச்சுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.