ஓவன் இல்லாத வீட்டு பிஸ்கட்

தமிழ் வாத்தியார் முனியாண்டி சார் இருந்தார். மலாய் சொல்லித்தரும் சல்மா இருந்தார். அவரை எல்லோரும் சிக்கு என்பார்கள், இங்கே டீச்சருக்கு அதுதான் பேர். இங்கிலீஷ் டீச்சர் மிஸ் லியோங் இருந்தார். தேத்தண்ணி கலக்க நான் இருந்தேன். மலேசியாவின் ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடம், அதன் ஆசிரியர் அறை. எழுபதுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்கு முந்தின மாதம். மூன்று பேரும் பரீட்சைத் தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு பிஸ்கட்டுக்கு வெண்ணெய் அடிப்பதைப் பற்றிப் பேசினார்கள். மிஸ் லியோங் என் பக்கம் திரும்பி, சாப்பாடு முடிந்ததும் சாப்பிட உனக்கு எது பிடிக்கும் என்று மலாயில் கேட்டார்.

"வெத்தலை," என்றேன்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அதில்ல லா, தங்கச்சி. இனிப்பு, இனிப்பு," என்றார் சார். ஊரில் எங்களுக்கு இனிப்பு இலையில் முதலில் விழும். கடைசியில் தின்பது எனக்குப் புதுசு.

நான் அறந்தாங்கிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தேன். ஊரில் தீபாவளிக்கு யாரையும் அழைக்க வேண்டாம். சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். இங்கே கதவைத் திறந்து வைத்தால் சீனர், மலாய்க்காரர், எல்லோரும் வருவார்கள் என்றார்கள். இரண்டு தீபாவளி திறந்து வைத்தேன். கொசு வந்தது. அந்த வருஷம் இந்த மூன்று பேரையும் வாய்விட்டு அழைத்துவிட்டேன். வருகிறோம் என்றார்கள். இவர்களும் வராவிட்டால் இந்த நாட்டில் எனக்கு ஆளே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், எஸ்டேட்டில் பிறந்தவர். "பிஸ்கட்டு இல்லாத வூட்டுக்கு எந்த டீச்சரு வருவாங்க? நம்மகிட்ட மண்ணெண்ண அடுப்புதான இருக்கு," என்றார்.

வாத்தியார்கள் வீட்டிலெல்லாம் ஓவன். சிக்கு முப்பது முட்டை உடைத்ததாகச் சொல்வார். மிஸ் லியோங் சூட்டை மூக்காலேயே கண்டுபிடிப்பாராம். சார் ஒருநாள் இடது கையில் கட்டுப் போட்டு வந்தார். வெண்ணெய் அடித்து அடித்துச் சுளுக்கிக்கொண்டதாம். "பொம்பளைங்களை நான் ஓவன் கிட்டவே வுடறதில்ல," என்றார்.

பக்கத்து ஊரான லகாட்டில் ஒரு மலாய்க்கார அம்மா டின் டின்னாக பிஸ்கட் சுட்டு விற்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தீமா மக்சிக் என்று பேர், மக்சிக் என்றால் அத்தை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அவர் வாசலில் முனியாண்டி சார் நின்றார். என்னைப் பார்த்ததும் வாழை மரத்துக்குப் பின்னால் போனார். வாழை மரம் ஒல்லி. சார் அப்படி இல்லை.

"காலி டின்னு வாங்க வந்தேன் தங்கச்சி," என்றார் மரத்துக்குப் பின்னாலிருந்து.

உள்ளே சிக்கு முறத்தின் முன்னால் உட்கார்ந்து அன்னாசி டார்ட்டை எண்ணிக்கொண்டிருந்தார். மிஸ் லியோங்கின் கார் வந்து நின்றது. எங்களைப் பார்த்ததும் போக நினைத்தது. பின்னால் மாட்டு வண்டி வழியை அடைத்து நின்றது. மக்சிக் உரக்கக் கேட்டார்: "எல்லாருக்கும் வழக்கம்போலத்தானே?"

எல்லோரும் வாங்கினோம். மிஸ் லியோங் தன் காரிலேயே எங்களைக் கொண்டுவந்து விட்டார். மடியில் டின்கள். மழை வரும் போலிருக்கிறது என்று மட்டும் பேசினோம். மறுநாள் ஆசிரியர் அறையில் பேச்சு பழையபடி வெண்ணெய்க்கே வந்தது. சாரின் கட்டு வலது கைக்கு மாறியிருந்தது. அதையும் யாரும் கேட்கவில்லை. ஊரில் அதிரசப் பாகு முறிந்தால் தெருவே பொங்கல் வரை சொல்லிச் சிரிக்கும். இங்கே இப்படி.

ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருந்துவிடுவார்களோ?

தீபாவளியன்று பதினோரு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். கையில் ஆளுக்கொரு டின். நான் சுட்ட அதிரசத்தைச் சார் கடித்துப் பார்த்து, "எந்தக் கடையில வாங்குனது?" என்றார். பிறகு மக்சிக்கின் பிஸ்கட்டைத் தின்றார்கள்.

"சேடாப்!" என்றார் சிக்கு. நல்ல ருசியாம். "எவ்வளவு சூட்டில் சுட்டாய்?"

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நூத்தி அறுவது."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். "சரியான சூடு," என்றார் மிஸ் லியோங். இன்னொன்று எடுத்துக்கொண்டார். போகும்போது சிக்கு என் தோளைத் தொட்டு, எங்கள் ஹரி ராயா பெருநாளுக்கு நீ வர வேண்டும் என்றார்.

அடுத்த வருஷம் லகாட்டுக்கு வழக்கம்போல மிஸ் லியோங்கின் காரிலேயே போனோம். எத்தனை டின் என்று மக்சிக் கேட்டார். விரல் மடக்கினேன். சாருக்கு ஒன்று, சிக்குவுக்கு ஒன்று, மிஸ்ஸுக்கு ஒன்று. அவர்களும் இதையேதான் எனக்குத் தருவார்கள். வீட்டில் வைக்க ஒன்று. கப்பலில் ஊருக்குப் போகிறவர் கையில் அம்மாவுக்கு ஒன்று. அறந்தாங்கி சேரும்போது அது மாவாகியிருக்கும். மகள் சுட்டது என்று அம்மா தெருவெல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை கொடுப்பாள்.

ஐந்து டின்.