உட்கார இடம் போட்ட கடை

ஸ்பெயினில் லொக்ரோன்யோ ஊரின் லாரெல் தெருவில் குடிக்கப் போகிறவன் உட்கார மாட்டான். ஒரு கடையில் ஒரு சின்னக் கிளாஸ் ஒயின், அந்தக் கடைக்கே பேர் போன ஒரே ஒரு தபாஸ் என்கிற நொறுக்குத்தீனி, நின்றபடியே இரண்டு கடி, கை துடைத்த தாளைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கடை. ஞாயிறு மதியம் ஒவ்வொரு சிநேகிதக் கூட்டத்துக்கும் எந்தக் கடைக்குப் பிறகு எந்தக் கடை என்று ஒரு வழி உண்டு. அது லேசில் மாறாது.

இது தெரியாதவளா நியேவெஸ்? அதே தெருவில் கடை வைத்து முப்பத்தொரு வருஷமாகப் பன்றிக்காதை மொறுமொறுவென்று பொரித்துக் கொடுப்பவள். ஆனாலும் புத்தி கெட்டுப்போய், ஊர் சுற்ற வந்தவர்கள் கால் வலிக்கிறது என்றார்களே என்று, போன கோடையில் ஆறு ஸ்டூல் வாங்கிப் போட்டாள். அந்த மகராசர்கள் ஒரே கிளாஸோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படம் பிடித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒயின் ஊற்றும் மேடையில் முழங்கை ஊன்ற இடமில்லை, நகர்ந்துவிட்டார்கள். அவள் சொந்தத் தம்பி அன்செல்மோவின் கூட்டமும்தான். அதுதான் வயிற்றெரிச்சல்!

கோடை முடிந்து ஊர் சுற்றிகள் போனார்கள். ஸ்டூல்களைத் தூக்கி எறிந்தாள். உள்ளூர்க்காரர் ஒருத்தரும் திரும்பி வரவில்லை. இப்படியே போனால் குளிர்காலத்துக்குள் கடையை மூட வேண்டியதுதான். தம்பி கூட்டம் வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

அதனால் ஒரு ஞாயிறு, கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடேயே கிளம்பினாள். கையோடு இழுத்து வந்துவிடலாம் என்று எண்ணம்.

"அடேயப்பா, மகாராணி வெளியே வந்துட்டாங்க! இன்னிக்கு மழைதான்" என்றான் தம்பியின் கூட்டாளி பெனிதோ.

"வாயை மூடிட்டுக் காளானைத் தின்னுடா."

காளான் கடை, மிளகாய்க் கடை, இறால் கடை. இத்தனை வருஷத்தில் ஞாயிறு மதியம் அவள் மேடைக்கு இந்தப் பக்கம் நின்றதே இல்லை. வந்த காரியத்தைக் கொஞ்ச நேரம் மறந்தேபோனாள்.

"அடுத்து நம்ம கடைதான்" என்றாள் கடைசியில்.

"நீதான் இங்க நிக்கிறியேக்கா, அங்க யாரு ஊத்துவா?" என்றான் அன்செல்மோ. எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் ஓடிப்போய்த் திறக்குறேன். பின்னாலேயே வந்துடுங்க."

"நீ போ, இதோ வந்துட்டோம்."

ஓடினாள். ஷட்டரைத் தூக்கி, எண்ணெயைக் காயவைத்து, ஆறு தட்டு போட்டாள். மணி இரண்டு. இரண்டரை. எதிர்க் கடைக்குள்ளிருந்து பெனிதோவின் சிரிப்பு கேட்டது. போய்க் கூப்பிட மனம் வரவில்லை. கூப்பிட்டு வந்தால் அது ஒரு வருகையா?

மூன்று மணிக்கு எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிடக் கலைந்தார்கள். அன்செல்மோ மட்டும் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"கோவிச்சுக்காதக்கா. பேசிக்கிட்டே போனோமா, கால் பாட்டுக்கு அங்க போயிடுச்சு."

"தெரியும்."

"ஆனா நீ வந்தது நல்லா இருந்துச்சு. எல்லாருமே சொன்னாங்க. பேசாம வாராவாரம் எங்களோட வந்துடேன். ஞாயித்துக்கிழமை இங்க தனியா நின்னு என்ன பண்ணப்போற?"

பாவி, பிரியமாகத்தான் சொன்னான். அடுப்பை அணைத்தாள்.

"அடுத்த வாரம் எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று கேட்டாள்.