கூட்டுக்குள் பதிந்த கட்டைவிரல்

என் காரில் மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் பற்கள் அரைபட்டன. தாசேக் கெலுகோரில் பழைய கார்களைப் பிரித்து விற்பவரிடம் வேறொரு கியர்பாக்ஸ் வாங்கி வந்தேன். மாட்டுவதற்கு முன் உள்ளே ஒருமுறை பார்த்துவிட நினைத்தேன். மறுநாள் ஞாயிறு மதியம், ஜெலுத்தோங்கில் இருக்கும் என் பட்டறையில் அதை மேசைமேல் நிமிர்த்தி வைத்தேன்.

சுற்றியிருந்த போல்ட்டுகளைக் கழற்றினேன். பேரிங்கைப் பிடித்திருந்த வளையத்தை விரித்துக்கொண்டு ரப்பர் சுத்தியலால் தட்டியதும் மேல்கூடு அசைந்தது. தூக்கினேன். புளித்த வாடை வந்தது. இரண்டு கூடுகளும் சேரும் விளிம்பில் தடவுகிற பசை, காய்கிற ஓரிரு நாள் மட்டும்தான் அப்படி வீசும்.

உள்விளிம்பில் பிதுங்கிய பசையை யாரோ கட்டைவிரலால் வழித்திருந்தார்கள். ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு.

இதே பட்டறையில் என்னோடு வேலை பார்த்த என் அண்ணன் வெளியே பிதுங்கும் பசையை அப்படித்தான் வழிப்பார். ரேடியேட்டர் காற்றாடி அவர் கட்டைவிரலைக் கிழித்தபோது தையல் போடக் கூட்டிப் போனவன் நான். அவர் இறந்து ஆறு வருடமாகிறது. சாம்பலைக் கடலில் கரைத்தவனும் நான்தான்.

ஆனால் இது உள்ளே இருந்தது. கூட்டை மூடி இறுக்கிய பிறகுதான் பசை உள்ளே பிதுங்கும். மூடிய பிறகு யார் கையும் உள்ளே போகாது.

விற்றவருக்குப் போன் செய்து, இதை யார் திறந்தது என்று கேட்டேன்.

“யாரும் தொடல லா, அண்ணே. அந்தக் கெரேத்தா ஓடாம ஒரு வருஷமா வெயில்ல கெடந்துச்சு. நேத்து உங்களுக்காகத்தான் பாக்ஸ எறக்குனேன்.”

அண்ணியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதும் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். தன் விரலை அந்தத் தடத்தில் வைத்துச் சட்டென்று எடுத்தார்.

“சூடா இருக்கு, தம்பி.”

நான் தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

“இத என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

“சுரண்டணும், அண்ணி. இல்லன்னா புதுப் பசை பிடிக்காது. எண்ணெய் ஒழுகும்.”

“குடு. நான் செய்றேன்.”

என்னிடமிருந்து சுரண்டும் தகட்டை வாங்கி விளிம்பு முழுவதையும் பொறுமையாகச் சுரண்டினார். முடித்ததும் கூட்டுக்குள் முகத்தைத் தாழ்த்தி, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: “போதும். வேலையெல்லாம் தம்பி பாத்துக்கும். நீங்க போய்ப் படுங்க.”

பல்சக்கரங்களைத் துடைத்து அடுக்கினேன், பசை தடவினேன், மேல்கூட்டை இறக்கினேன். எப்போதும் தண்டுகளை அசைத்து, இரண்டு மூன்று தரம் தூக்கி இறக்கினால்தான் உட்காரும். அன்று நான் கையை விடுவதற்குள் கூடு தானாகக் கீழே இறங்கி, வளையம் ‘டக்’கென்று தன் இடத்தில் விழுந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான் போல்ட்டுகளை இறுக்கினேன்.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. அண்ணி மட்டும் அதில் ஏறுவதில்லை. கொண்டுபோய் விடுகிறேன் என்று எத்தனை தரம் சொன்னாலும், பஸ் வந்துவிடும் என்கிறார்.