அண்ணன் போட்ட கொரம்பு

என் புகுந்த வீடு வடிகாலின் மேல்கோடியில். பிறந்த வீடு அதே வடிகாலின் கீழ்க்கோடியில். தெரிந்தே என்னைக் கட்டிக்கொடுத்த புண்ணியவான்களை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மேலே கிடந்தது கோரை மண்டிய சதுப்பு. அதை வயலாக்குவதற்காக மாமனாரின் தாத்தா காலத்தில் ஊர் கூடி வெட்டியது இந்த வடிகால். எங்கள் வயலோரமாக இறங்கி, சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைந்து, என் அண்ணன் வயலைச் சுற்றிக்கொண்டு கொள்ளிடத்தில் விழும். அந்தக் காலத்தில் வண்டிமாடு இறங்கி நீந்துகிற அகலமாம். இரண்டு கரைக்காரர்களும் வருஷா வருஷம் வரப்பை நகர்த்தி நகர்த்தி, நான் வாழ்க்கைப்பட்டபோது தாண்டிக் குதிக்கிற அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். மீதியைக் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டது.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த சமயம். தூர்வாரச் சொல்லிக் கொடுத்த மனு எந்த ஊர் ஆபீசில் கிடந்ததோ! அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கீழே இருப்பவர்கள் வழக்கம்போல் வடிகாலில் கொரம்பு போட்டார்கள். வைக்கோலும் மண்ணும் கொட்டி மிதித்து, மேலிருந்து வரும் தண்ணீரை மறிக்கிற அணைதான் கொரம்பு. போட்டவன் என் அண்ணன். மூழ்கியது என் கணவர் அப்போதுதான் நட்டிருந்த சம்பா.

"பொண்ணு குடுத்த வூட்டு வயல்ல தண்ணிய நிறுத்துற அண்ணன எங்கியாவது பாத்துருக்கீங்களா?" என்று மாமியார் தெருவுக்கே கேட்கச் சத்தம் போட்டார். கணவர் சத்தம் போடவில்லை. "நீ போயி ஒரு வார்த்த கேளு. இன்னும் ரெண்டு நாளு நின்னா நாத்து அழுவிடும்" என்றார்.

போனேன். முழங்கால் சேற்றில், வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே. அவன் கொரம்பின்மேல் மண்வெட்டியோடு நின்றிருந்தான்.

"வெட்டி வுடுண்ணே. எங்க பயிரு சாவுது" என்றேன்.

அவன் பின்னால் கை காட்டினான். கொள்ளிடம் கரைமட்டத்துக்கு ஓடியது. வடிகால் வாயில் தண்ணீர் எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது.

"ஆறு வாங்க மாட்டேங்குது பாப்பா. இத வெட்டுனா தண்ணி ஆத்துக்குப் போவாது, நம்ம வயலுக்குதான் வரும். நீயே சொல்லு, வெட்டவா?"

நான் களை பறித்த வயல். அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றுகிற வயல். வெட்டு என்று சொல்லவும் வாய் வரவில்லை, வெட்டாதே என்று சொல்லவும் வரவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "என்னைய ஏண்ணே கேக்குற?" என்று கத்திவிட்டுத் திரும்பி நடந்தேன். ஆறு எதிர்த்து நிற்கிறது என்று வீட்டில் சொன்னதும், "பொறந்த வூட்டுப் பாசம் பேசுது" என்றார் மாமியார்.

நாற்று அழுகியது. தை பிறந்தபோது எங்கள் வீட்டில் புது நெல் ஒரு மணி இல்லை.

பொங்கலுக்கு முதல்நாள் அண்ணன் சீர் கொண்டுவந்தான். கரும்பு, மஞ்சள்கொத்து, வெல்லம், தன் வயலில் முன்பட்டமாக நட்டு மார்கழியில் அறுத்த நெல்லை அரைத்த ஒரு மூட்டைப் பச்சரிசி. பிறந்த வீட்டுச் சீரை எவ்வளவு பகை இருந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது. கணவர் "வா மச்சான்" என்றதோடு கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அண்ணன் காப்பிகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் வாசலில் பானை வைத்தோம். "கடையில அரிசி வாங்கிக்கலாமா அத்த?" என்று மெதுவாகக் கேட்டேன். மாமியார் மூட்டையைப் பிரித்துக் கை நிறைய அள்ளினார்.

"எதுக்கு? நம்ம வயலு முழுவுனதாலதான இது வெளஞ்சிருக்கு. நம்ம அரிசிதான்."

பானை பொங்கியது. எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். நான் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொறந்து சொல்லுடி" என்றார் மாமியார். "ஒன் அண்ணன் அரிசிதான பொங்குது."

சொன்னேன்.