புள்ளிப் படம் பார்த்த அப்புச்சி

பையனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, இது பரம்பரையாக வருவது என்று நான் சொன்னதும், அவனுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா நாற்காலியை என் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டார். பனியன் கம்பெனி முதலாளி.

"பரம்பரைன்னா யாரு பக்கமுங்க, டாக்டரம்மா?"

திருப்பூரில் குழந்தை மருத்துவம் பார்க்க வந்த நாள்முதல் மரபணுவை நான் நூலை வைத்துத்தான் விளக்குவேன். அன்றும் அப்படியே ஆரம்பித்தேன். "பொம்பளைங்களுக்கு இதுல ரெண்டு நூலுங்க. ஒண்ணு கோளாறுன்னாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும். பையனுக்கு ஒரே நூல்தான். அது அம்மாகிட்டயிருந்து வர்றது."

இந்த ஊரில் துணியில் குறை வந்தால் நிட்டிங்கா, டையிங்கா, நூலா என்று தேடி, யார் தலையிலாவது கட்டாமல் விடமாட்டார்கள். அதை மறந்துவிட்டேன்.

"அப்ப நூல் சப்ளை அந்தப் பக்கமுங்களா?" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்தார். பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது.

சம்பந்தி, அதாவது பையனின் அம்மாவைப் பெற்ற அப்புச்சி, துள்ளி எழுந்தார். "நான் சாயப்பட்டறைக்காரனுங்க. கலர் தெரியாதவன் பட்டறை ஓட்ட முடியுமுங்களா?"

நிறப் பார்வையைச் சோதிக்கும், எண் ஒளிந்திருக்கும் புள்ளிப் படத்தை அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெறும் புள்ளியாத்தானுங்க இருக்குது. பிரிண்டிங் சரியில்லீங்க."

"அப்பா, சொல்லிருங்க," என்றாள் மகள்.

அவர் உட்கார்ந்தார். "கண்ணாலத்துக்கு முன்னாடி இவதானுங்க சாயம் கேட்ட கலர்ல வந்திருக்குதான்னு ஷேட் பாத்துச் சொல்லுவா. இப்பவும் இவதான்."

"அதுக்குத்தான் ஞாயித்துக்கெழமையானா துணித்துண்டோட எங்க ஊட்டுக்கு வாறீங்களா? பேரனுக்குச் சட்டை தைக்கறக்குன்னீங்க!" கம்பெனிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கு நீங்க போட்டுக் குடுத்த சாயமெல்லாம் என்ற ஊட்டுச் சமையலறையில ஓகே ஆனதா? துணி வாங்குற பையர் ஒருக்காகூட ரிஜெக்ட் பண்ணலியே!"

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டது. "கண்ணு, நாளைக்கிருந்து நீ கம்பெனிக்கே வந்துரு. ஷேட் உன்ற பொறுப்பு."

அவள் தலை நிமிர்ந்தது. "வாரேனுங்க மாமா," என்றவள் அப்பாவிடம் திரும்பினாள். "இனி ஷேட் பாக்க நானே பட்டறைக்கு வந்தர்றேன். துணித்துண்டு இல்லாட்டியும் ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்துருங்கப்பா."

அப்புச்சி புள்ளிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

புதிதாக வரும் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். யார் மேலும் தப்பில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். நூலை அப்புறம் எடுக்கலாம். நான் இப்போதெல்லாம் புள்ளிப் படத்தைத் தாத்தாக்கள் வாய் திறப்பதற்கு முன்பே அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.